சத்திரக்காரனை மறந்துவிட்டோம்

(நம் பங்கின் யூபிலி விழாவை முன்னிட்டு, பெற்றோரும் இளைஞரும் கூடிய ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழாக்குழுவினர் நமக்குக் கொடுத்த தலைப்பு "பங்கின் வளர்ச்சி" என்பதாகும். வளர்ச்சி என்றவுடன் கோபுரத்தையும் மணியையும் சுற்றுச்சுவரையும் பற்றிப் பேசுவது வழக்கம். அவற்றைப் பற்றி மலரின் மற்ற பக்கங்களில் வேண்டிய அளவு எழுதியிருக்கிறார்கள். ஆகவே இன்று மாலை நாம் வேறொன்றைப் பற்றிப் பேச அனுமதி கேட்கிறோம். சிலருக்கு இது கசப்பாகவும் இருக்கலாம்.

நல்ல சமாரியன் உவமையை நீங்கள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறீர்கள். நாமும் இந்தப் பீடத்தில் நின்று எத்தனையோ தடவை அதைப் பற்றிப் பேசியிருக்கிறோம். அடிபட்டவனைக் கண்டு ஒதுங்கிப் போன குருவைப் பற்றிப் பேசும்போது நமக்கே கொஞ்சம் கூசும். இறங்கி வந்து எண்ணெயும் இரசமும் வார்த்துக் கட்டுப்போட்ட சமாரியனைப் பற்றி உருக்கமாகப் பேசுவோம். ஆனால் அந்தச் சமாரியன் மறுநாளே தன் வழியில் போய்விட்டான் என்பதைக் கவனித்தீர்களா? அதற்குப் பிறகு அந்தக் காயம்பட்டவனுக்கு வெந்நீர் வைத்து, கட்டை மாற்றி, கைத்தாங்கலாக எழுப்பி நடக்கவைத்தது யார்? சத்திரக்காரன். அவனுக்குப் பெயரும் இல்லை, புகழும் இல்லை. முப்பது ஆண்டுகளாக நாம் பிரசங்கம் செய்கிறோம். ஒரு தடவைகூட அவனைப் பற்றிப் பேசியதாக நினைவில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் காலை தேவனாம்பட்டினக் கரையில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் மாண்டார்கள். அந்த வாரத்தில் எத்தனை வண்டிகள் வந்தன! எங்கெங்கிருந்தோ டாக்டர்கள் வந்தார்கள். இரவு பகலாக உழைத்தார்கள். கடவுள் அவர்களை ஆசீர்வதிப்பாராக. அவர்களை நாம் குறை சொல்லவில்லை. அவர்கள் சமாரியர்கள். பத்து நாள், பதினைந்து நாள் கழித்து அவரவர் ஊருக்குப் போனார்கள், போகத்தானே வேண்டும்? ஆனால் முறிந்த தோள் கூடிவிட்டதே தவிர, கை தூக்க வரவில்லை. வலை இழுக்கிற கை அது. சிமெண்டுக் கட்டைப் பிரித்த பிறகுதான் பாதி வைத்தியம் இருக்கிறது என்று அந்த மனிதருக்குச் சொல்வாரில்லை. தூக்கத்தில் அலறுகிற பிள்ளையிடம் வாரா வாரம் வந்து உட்கார்ந்து பேச ஆளில்லை. சமாரியர்கள் வந்தார்கள், போனார்கள். நம் கரையில் சத்திரக்காரன் இல்லை.

சாதாரண நாட்களிலும் இதே கதைதான். மீன் ஏலம் போட்டுக்கொண்டிருந்தவருக்குத் திடீரென்று வாய் கோணி, ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொள்கிறது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம், உயிர் பிழைக்கிறார். பயிற்சி செய்யவேண்டும் என்று சீட்டில் எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பக்கவாதத்தில் முதல் சில மாதங்கள்தான் பொன்னான காலம். அந்தக் காலத்தில் தினந்தோறும் பயிற்சி கொடுத்தால் திரும்பக் கிடைக்கக்கூடிய நடையும் பிடியும், காலம் தாழ்ந்தபின் அந்த அளவு கிடைப்பதில்லை. நம் ஊரில் அந்த மாதங்களில் என்ன செய்கிறோம்? எண்ணெய் தடவுகிறோம், நேர்ச்சை வைக்கிறோம். நேர்ச்சை வேண்டாமென்று நாம் சொல்வோமா? அதோடு பயிற்சியும் வேண்டும் என்கிறோம். கை மடங்கி மார்போடு ஒட்டிக்கொண்ட பிறகு, "சாமி, வந்து மந்திரித்துவிட்டுப் போங்க" என்று கூப்பிடுகிறீர்கள். நாம் வந்து செபிக்கிறோம். அந்தக் கட்டிலின் பக்கத்தில் நிற்கும்போதெல்லாம் இன்னொருவர் இங்கே நின்றிருக்கவேண்டுமே என்ற எண்ணம் நம்மை வாட்டுகிறது.

அந்த இன்னொருவர் யார்? பிசியோதெரபிஸ்டு, லேப் டெக்னீசியன், எக்ஸ்ரே எடுப்பவர், டயாலிசிஸ் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர், பேச்சுப் பயிற்சி கொடுப்பவர், மனநல ஆலோசகர் என்று ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. டாக்டரும் அல்லர், நர்சும் அல்லர் என்பதால் நம் ஜனங்களுக்கு இவர்களை எந்தப் பெயரில் அழைப்பது என்றே தெரிவதில்லை. அரசாங்கமே 2021ஆம் ஆண்டில்தான் இவர்களுக்கென்று தனிச்சட்டம் இயற்றித் தேசிய ஆணையம் ஒன்றை ஏற்படுத்தியது. பத்துப் பிரிவுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்களை அந்தச் சட்டம் பட்டியல் போடுகிறது. அதே 2021 ஆகஸ்டில் தமிழக அரசு "மக்களைத் தேடி மருத்துவம்" என்று தொடங்கியபோது, இயன்முறை மருத்துவரும் நோயாளியின் வீட்டுக்கே போகும்படி ஏற்பாடு செய்தார்கள். மிக நல்ல காரியம். ஆனால் ஒரு ஒன்றியம் முழுவதற்கும் ஒருவர் இருவர் என்றால், அவர் ஒரே வீட்டுக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை வரமுடியும்? கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இந்த விஷயத்தில் நம் திருச்சபைக்கு அனுபவம் இல்லாமல் இல்லை. 1936 வரை துறவியர் பேறுகால மருத்துவம் செய்வதற்குத் திருச்சபைச் சட்டம் இடங்கொடுக்கவில்லை. குருமடத்தில் இதைப் படித்தபோது நமக்கு வியப்பாக இருந்தது. ஆஸ்திரேலிய நாட்டு டாக்டர் மேரி குளோரி 1920இல் குண்டூருக்கு வந்து துறவியாகி, பாப்பரசரின் தனி அனுமதி பெற்று வைத்தியம் பார்த்தார். தாம் ஒருவராக எத்தனை பேருக்குத்தான் பார்க்கமுடியும் என்று உணர்ந்து, அங்குள்ள பெண்களையே பயிற்றுவிக்கத் தொடங்கினார். 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தை நிறுவியவரும் அவரே.

இன்னும் நமக்கு அருகே, செங்கற்பட்டுப் பக்கத்துப் பொலம்பாக்கத்தை நினைத்துப் பாருங்கள். பெல்ஜியம் நாட்டு டாக்டர் ஹெமரிக்ஸ் என்பவர் ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டில் பல ஆண்டுகள் தொழுநோயாளருக்குப் பணி செய்தபின் இங்கே வந்து, 1955இல் அந்த மையத்தைத் தொடங்கினார். தொழுநோயாளரை ஊரைவிட்டு ஒதுக்கி மதிலுக்குள் அடைத்துவைத்த காலம் அது. அவர் மதில் கட்டவில்லை. இன்ன கிழமை, இன்ன சாலை, இன்ன மரம் என்று குறித்துவிட்டு, மரத்தடியிலே மருத்துவம் பார்த்தார். ஆனால் வாரத்தில் ஒரு நாள் மரத்தடிக்கு வண்டி வந்துபோனால் நோய் தீருமா? மாத்திரையோ ஆண்டுக்கணக்கில் விழுங்கவேண்டியது. ஆகவே இங்கத்திய இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, துணைமருத்துவப் பணியாளராக்கி, சைக்கிளில் அனுப்பினார்கள். வீடு வீடாகப் போய்த் தோலில் தேமலைப் பார்ப்பது, உணர்ச்சி இருக்கிறதா என்று சோதிப்பது, வராதவரைத் தேடிப்போய் அழைத்துவருவது இவர்கள் வேலை. டாக்டருடைய பெயரை நாம் இன்றும் சொல்கிறோம். சைக்கிள் மிதித்தவர்களின் பெயரைச் சொல்வாரில்லை.

ஹெமரிக்சுக்குப் பிறகு அந்த மையத்தை நடத்திய டாக்டர் கிளேர் வெல்லு அம்மையாரும் பெல்ஜியக்காரர்தான். அவர் இந்தியக் குடியுரிமையே பெற்று, நம் நாட்டிலேயே தங்கி 2013இல் மறைந்தார். கிராமத்தில் தங்குவதைப் பற்றி நம் பிள்ளைகளிடம் பேசும்போது இந்த அம்மையார் நம் நினைவுக்கு வருவார். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். எல்லாரையும் கிளேர் அம்மையாராக இருக்கச் சொல்வது நியாயமில்லை. தியாகத்தை நம்பி ஒரு புனிதரை எதிர்பார்க்கலாம். ஊருக்கு ஊர் ஒரு டெக்னீசியனை எதிர்பார்க்கமுடியாது.

இதைச் சொல்லும் தகுதி நமக்கு எப்படி வந்தது என்றால், ஒரு தவறு செய்து வந்தது.

உங்களில் மூத்தவர்களுக்குத் தெரியும், பெயர் வேண்டாம். நம் கரையைச் சேர்ந்த ஒரு பெண்பிள்ளை. தகப்பனுக்கு ஒரு கட்டுமரமும் கொஞ்சம் கடனும்தான் சொத்து. நன்றாகப் படித்தாள். பங்கில் பணம் திரட்டி, நாமும் அங்கே இங்கே கையேந்தி, சென்னையில் பிசியோதெரபி படிக்கவைத்தோம். நான்கு ஆண்டுக்கு மேலாகும் படிப்பு அது. முடித்ததும் சொன்ன சொல் தவறாமல் திரும்பி வந்தாள். உள்ளே ஒரு சிற்றூரில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்தாள். எட்டு மாதம்தான். ஒருநாள் பெட்டியைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டாள். பிறகு வெளிநாட்டுக்கும் போனாள்.

"நம்ம காசுல படிச்சிட்டு ஓடிட்டா" என்று ஊர் பேசியது. ஊர் பேசியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நன்றி மறப்பதைப் பற்றி ஒரு ஞாயிற்றுக்கிழமை நாமும் பிரசங்கம் செய்தோம். பெயர் சொல்லவில்லை என்பது நம் சமாதானம். பெயர் சொல்லவேண்டியதே இல்லை, கோவிலில் இருந்த எல்லார் கண்ணும் அவளுடைய தாயார் பக்கம் திரும்பியது. அந்த அம்மாள் அதற்குப்பின் பல வாரம் பூசைக்கு வரவில்லை.

சில ஆண்டுகளுக்குப் பிறகு தன் தம்பி கல்யாணத்துக்கு அவள் வந்திருந்தாள். பந்தி முடிந்தபின் நம்மிடம் வந்து தோத்திரம் சொன்னாள். நாம் பட்டும் படாமலும் ஏதோ கேட்டோம். "சாமி, நான் சம்பளத்துக்காகப் போகல. எனக்கு ஒரு சந்தேகம் வந்தா கேக்க அங்க ஆள் இல்ல" என்றாள். பிறகு மெல்ல மெல்ல எல்லாம் சொன்னாள். முதுகெலும்பு அடிபட்ட ஒருவரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். எந்த அளவுக்கு அசைக்கலாம் என்று அவளுக்கு நிச்சயமில்லை. தவறாகச் செய்தால் ஆயுளுக்கும் ஊனம். இராத்திரி பத்து மணிக்குத் தன் பழைய கல்லூரி அக்காவுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். பகலில் சீட்டு எழுதுவது, எக்ஸ்ரே உறையை அடுக்குவது எல்லாம் அவள் தலையில். மூன்றாம் மாதம்தான் முதல் சம்பளம். ஊசி போடாத டாக்டருக்கு எதற்குக் காசு என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டாராம். கடைசிப் பஸ்ஸை விட்டு இறங்கி இருட்டில் தனியாக நடந்துபோகவேண்டும். ஒரு நாள் பின்னாலேயே யாரோ வந்திருக்கிறார்கள். வயது அப்போது இருபத்துமூன்று. "வந்து ஒருதரம் பாத்திருந்தீங்கன்னா இருந்திருப்பேனோ என்னவோ சாமி" என்றாள்.

எட்டு மாதத்தில் நாம் ஒரு முறையும் போய்ப் பார்க்கவில்லை. படிப்புக்குப் பணம் கட்டியதோடு நம் கடமை தீர்ந்தது என்று இருந்துவிட்டோம். அன்று இரவே அவளுடைய தாயார் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். பீடத்திலிருந்து பேசியதற்குப் பீடத்திலிருந்தே பதில் சொல்லவேண்டும் என்பதால், உங்கள் எல்லார் முன்னிலையிலும் இன்று சொல்கிறோம்.

உவமைக்குத் திரும்பினால், சமாரியன் சத்திரக்காரனிடம் நோயாளியைத் தள்ளிவிட்டுப் போகவில்லை. கையில் இரண்டு தெனாரியம் கொடுத்தான். அது இரண்டு நாள் கூலி. மேற்கொண்டு செலவானால் தான் திரும்பி வரும்போது கொடுப்பதாகவும் சொன்னான். கூலியை முன்கூட்டியே கொடுத்தான். திரும்பி வருகிறேன் என்றும் சொன்னான். நாம் அந்தப் பெண்ணுக்கு இரண்டில் ஒன்றும் செய்யவில்லை.

தங்கவைப்பது முடியாத காரியமா என்றால், முடிந்த இடங்கள் உண்டு. தருமபுரி மாவட்டத்தில் கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சிட்டிலிங்கி என்ற பள்ளத்தாக்கு. மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள் வாழ்கிறார்கள். காந்திகிராமத்து மருத்துவமனையில் பணிபுரிந்த டாக்டர் ரெஜியும் அவர் மனைவி டாக்டர் லலிதாவும் 1993இல் அங்கே போய், ஒரு கூரைக் குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். பட்டணத்திலிருந்து நர்ஸ் வருவாள் என்று காத்திருக்கவில்லை. அந்த மலைப் பெண்களையே தேர்ந்தெடுத்து, பிரசவம் பார்க்கவும், அறுவைச் சிகிச்சைக்கு உதவவும், கிராமங்களுக்குப் போய்த் தாயையும் பிள்ளையையும் கவனிக்கவும் அங்கேயே கற்றுக்கொடுத்தார்கள். குடிசை பின்னர் மருத்துவமனையாயிற்று. அந்தப் பெண்களுக்கு அது வெளியூர் வேலையல்ல. வீட்டுக்குப் பக்கத்து வேலை. நீலகிரியில் கூடலூரில் 1990இல் தொடங்கிய ஆதிவாசி மருத்துவமனையிலும் ஆதிவாசிப் பெண்களே நர்சுகளாகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்சி பெற்றார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலோ முறை வேறு. சபைகள் பரிந்துரைத்து அனுப்பும் பிள்ளைகள் படித்து முடித்தபின், தங்களை அனுப்பிய சபையின் மருத்துவமனைகளில் குறிப்பிட்ட காலம் பணியாற்றவேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2010இலும் மறுபடி 2021இலும் இதைப் பற்றி எல்லா நாடுகளுக்கும் ஆலோசனை வெளியிட்டது. கிராமத்துப் பிள்ளைகளைச் சேருங்கள், கிராமத்தருகே கற்றுக்கொடுங்கள், படிக்கும்போதே கிராமத்தில் பழக்குங்கள், வந்தபின் நல்ல வீடும் பாதுகாப்பும் கொடுங்கள், தனியே விடாமல் மூத்தவர் துணை கொடுங்கள் என்பது அதன் சாரம். ஜெனீவாவில் பெரிய பெரிய நிபுணர்கள் கூடிச் சொன்னதைத்தான் பந்தி முடிந்த நேரத்தில் நம் பெண்பிள்ளை நம்மிடம் சொன்னாள்.

சிட்டிலிங்கியை அப்படியே பார்த்து நாமும் செய்துவிடலாம் என்று நினைக்கவேண்டாம். புதிய சட்டம் வந்தபின், பட்டியலிலுள்ள தொழில்களுக்கு அங்கீகாரம் பெற்ற படிப்பும் பதிவும் வேண்டும். அது சரியும்கூட, அரைகுறையாகக் கற்றவர் கையில் நம் உடம்பைக் கொடுக்கக்கூடாது. ஆனால் கல்லூரி தொலைவில் இல்லை. சிதம்பரத்தில் முன்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இருந்த ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி இப்போது அரசு மருத்துவக் கல்லூரியாகிவிட்டது. பஸ் ஏறினால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வீட்டுக்கு வந்துவிடலாம். சென்னையில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்குச் சென்னை பழகிவிடுகிறது, அது இயற்கை. சிதம்பரத்தில் படிக்கிற பிள்ளைக்கு நம் கரை அந்நியமாகாது.

பெரியவர்கள் சிலர் ஏற்கெனவே நம்மிடம், "பத்திரம் எழுதி வாங்கிக்கிட்டா ஓடமாட்டாங்க இல்ல சாமி?" என்று கேட்டார்கள். எழுதலாம். இரண்டு ஆண்டு என்று ஒரு வாக்கு வாங்கிக்கொள்வதில் பிழையில்லை. ஆனால் பத்திரத்தில் அவர்கள் கையெழுத்து மட்டும் இருக்கக்கூடாது. நம் கையெழுத்தும் இருக்கவேண்டும். நாம் என்ன செய்வோம் என்பதும் அதில் எழுதப்படவேண்டும்.

இன்னொன்று. பெண்பிள்ளையைப் படிக்கவைத்தால் கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போய்விடுவாள் என்ற கவலை உங்களுக்கு இருக்கிறது. ஏன் மகளையே நினைக்கிறீர்கள்? மருமகளை நினையுங்கள். பிளஸ் டூவில் அறிவியல் படித்துத் தேறி, நம் ஊருக்கு வாழவந்து, அடுப்படியில் இருக்கிற இளம்பெண்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அன்பிய வாரியாக எண்ணிப் பார்த்தால் நீங்களே ஆச்சரியப்படுவீர்கள். அவர்கள் எங்கும் போகப்போவதில்லை. மாமியார்மார் மனசு வைத்தால் போதும். (சிரிக்கவேண்டாம், உண்மையாகத்தான் சொல்கிறோம்.)

இனி யூபிலி நிதியைப் பற்றி. முகப்பில் வளைவு கட்டவேண்டும் என்று குழுவினர் தீர்மானித்திருக்கிறார்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் அடித்தபோது இந்தக் கரையில் எதெது விழுந்தது என்று பார்த்தவர்கள் நாம். வளைவு வேண்டாம் என்று நாம் தடுக்கவில்லை. சிறியதாக இருக்கட்டும் என்று கேட்கிறோம். மிச்சப்படும் பணத்தில் இருவரைப் படிக்கவைப்போம். ஒருவர் பிசியோதெரபி, ஒருவர் லேப் டெக்னீசியன். ஆணோ பெண்ணோ, இந்துவோ கிறிஸ்தவரோ, நம் கரையைச் சேர்ந்தவராக இருந்தால் போதும். அலை வந்தபோது அது மதம் பார்க்கவில்லை. படிப்புக்குக் கொடுப்பதில் பாதியளவு தொகையைத் தொடாமல் வங்கியில் வைப்போம். அது அவர்கள் வேலைக்கு வந்தபின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு. சம்பளம் தாமதமானால் அதிலிருந்து கைமாற்று. புதிதாக ஒன்றைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் வேலூருக்கோ சென்னைக்கோ போனால் அதிலிருந்து வழிச்செலவு. கடலூரில் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு மூத்த பிசியோதெரபிஸ்டைச் சந்தித்துப் பேசினோம். சந்தேகம் வந்தால் எந்த நேரமும் போனில் கூப்பிடலாம், மாதம் ஒரு முறை நேரில் வந்து நோயாளிகளைக் கூட இருந்து பார்ப்பேன் என்று ஒப்புக்கொண்டார். பணம் வேண்டாம், மீன் குழம்பு போதும் என்றார். அந்தப் பொறுப்பை மாதர் சங்கத்தார் ஏற்கவேண்டும்.

மாதத்தின் முதல் வியாழக்கிழமை நாமே போய் அவர்களைப் பார்ப்போம். நமக்கு மாற்றல் வந்தால் அடுத்து வருகிற சாமியாருக்கும் இது எழுதிவைக்கப்படும். பங்குப் பேரவையின் குறிப்பேட்டில் பதிவு செய்யும்படி செயலாளரிடம் சொல்லியாயிற்று.

கோவிலுக்குப் பின்னால் பழைய ஞானோபதேச அறை பூட்டிக் கிடக்கிறது. அதைத்தான் பயிற்சி அறையாக்க நினைத்திருக்கிறோம். நோயாளிகள் பிடித்து நடக்க இரண்டு இணைக்கம்பிகள், ஒரு அகலமான மரக்கட்டில், சுவரில் ஒரு கப்பி, ஒரு ஆளுயரக் கண்ணாடி இருந்தால் தொடங்கிவிடலாம். கப்பியும் கயிறும் நம் ஊரில் எந்தப் படகிலும் கிடைக்கும். இரவில் வேலை முடித்துப் போகிறவர்களுக்காகச் சாலை வரைக்கும் மூன்று விளக்குக் கம்பம் போடவேண்டும் என்று மாநகராட்சிக்கு மனு எழுதி வைத்திருக்கிறோம். வாசலில் மேசைமேல் இருக்கிறது. போகும்போது எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். படிக்க விரும்புகிறவர்கள் வருகிற ஞாயிறு முதல் திருப்பலிக்குப் பின் மதிப்பெண் பட்டியலோடு பங்குமனைக்கு வரலாம். மருமகள்கள் மாமியாரையும் அழைத்துவரவும். அறையில் ஓடு நான்கைந்து உடைந்திருக்கிறது. மழைக்கு முன்னால் அதை மாற்ற இரண்டு கொத்தனார்கள் சனிக்கிழமை காலையில் வந்தால் நல்லது. சாவி நம்மிடம் இருக்கிறது.